பழைய வண்டிக்குப் புது பெயிண்ட்: செலவும் குறைய வேண்டும், வேலையும் நிலைக்க வேண்டும்



சேலம் லீ பஜாரில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பெயிண்ட் வியாபாரி அல்ல, பெயிண்டரும் அல்ல. ஆனால் சொந்தமாக ஒரு 407 வண்டி வைத்திருக்கிறேன். 2012-ஆம் வருடத்து வண்டி. பின்னால் தகரப் பெட்டி பாடி கட்டியது. இந்த வண்டிக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன். முதல் முறை அடித்ததில் பணமும் போயிற்று, ஒரு நல்ல வாடிக்கைக்காரரும் போனார். இரண்டாம் முறை விசாரித்து, நாலு பேரைக் கேட்டு, பக்கத்தில் நின்று வேலை வாங்கினேன். அது இன்றும் நன்றாக இருக்கிறது. நம்மில் பலர் சொந்த வண்டி வைத்து லைனுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் என்பதால், நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் பட்ட பாடு

2019 ஐப்பசியில் எப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டியிருந்தது. கேபின் வெளுத்துப் போய், பெட்டியின் ஓரங்களில் துரு பிடித்திருந்தது. மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒரு பட்டறையில் மற்ற இருவரைவிடப் பாதி விலை சொன்னார்கள். "டூகோ அடிச்சுத் தர்றேங்க முதலாளி, ரெண்டே நாளில் வண்டியை எடுத்துக்கலாம்" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. தீபாவளிச் சரக்கு ஓடும் நேரம். இரண்டு நாள் என்ற வார்த்தையில் மயங்கிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், கேபின் முழுவதும் காய்ச்சிய பாலின் ஆடை போலச் சுருங்கிக் கிடந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, டூகோவை விட்டுவிட்டு எனாமல் அடித்தார்கள். பெட்டிக்குள்ளும் அதையே அடித்தார்கள். இரண்டு நாள் என்றது ஒன்பது நாள் ஆயிற்று. வண்டி கைக்கு வந்த மறுநாளே ஆத்தூர் லைனுக்கு டீத்தூள் நான்கு பெட்டியும் மைதா ஆறு மூட்டையும் மற்ற சாமான்களும் ஏற்றி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஒரு கடைக்காரர் போன் செய்தார். இருபது வருட வாடிக்கை. "அண்ணே, டீ போட்டா மண்ணெண்ணெய் வாசம் வருதுங்க. நான் என்ன சொல்லி வியாபாரம் பண்றது?" என்றார். பிறகு விசாரித்ததில், பெயிண்டை இளக்க டர்பென்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். அதோடு முடியவில்லை. அந்த வாடிக்கைக்காரர் அடுத்த ஐந்து மாதம் வேறு இடத்தில் கொள்முதல் செய்தார். பெயிண்ட் செலவில் மிச்சம் பிடித்ததைக் காட்டிலும் பல மடங்கு அந்த ஐந்து மாதத்தில் போயிற்று.

குறைந்த விலையே தவறு என்று நான் சொல்லவில்லை. எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்று தெரியாமல் குறைத்ததுதான் தவறு.

பெயிண்ட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியது

பெயிண்ட் கடைசி வேலை. வண்டிக்கு எட்டு வயது முடிந்தால் சரக்கு வாகனங்களுக்கு வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு எப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் அதிகமாக உயர்த்தப்பட்டது. ஆகவே வண்டி இன்னும் எத்தனை வருடம் ஓடப்போகிறது என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்தில் தள்ளிவிடப் போகிற வண்டிக்கு விலை உயர்ந்த பெயிண்ட் தேவையில்லை. ஆறேழு வருடம் ஓட்டப்போகிற வண்டிக்கு மட்டமான பெயிண்ட் கட்டுபடியாகாது.

அடுத்தது துரு. சுத்தியலின் பின்பக்கத்தால் கேபின் தரை, கதவின் அடிப்பாகம், படிக்கட்டு, பெட்டியின் மூலைகள் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் தகடு நன்றாக இருக்கிறது. மொத் என்றால் உள்ளே துரு தின்றுவிட்டது அல்லது பழைய பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள். துருவின் மேல் பட்டி பூசி மறைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் முறை. பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை டிங்கரிங் வேலைக்கு எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, பழைய பெயிண்ட் எது என்று தெரிந்துகொள்வது. இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வெள்ளைத் துணியை டூகோ தின்னரில் நனைத்து, வெளியே தெரியாத ஓர் இடத்தில் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிறம் கரைந்து துணியில் ஒட்டினால் பழையது டூகோ. பெயிண்ட் ஊறிச் சுருங்கினால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்டனர் கலந்த பி.யு. போன்ற பெயிண்ட் அல்லது கம்பெனியில் சூடேற்றிக் காய வைத்த பெயிண்ட். இந்த ஐந்து நிமிடச் சோதனையை அன்று அந்தப் பட்டறையில் செய்திருந்தால் எனக்கு ஒன்பது நாள் வீணாகியிருக்காது.

மூன்று வகைப் பெயிண்ட்

கடையில் பத்துப் பெயர் சொன்னாலும், நமக்கு வேண்டியது மூன்று வகைதான்.

முதலாவது சிந்தெடிக் எனாமல். வீட்டுக் கதவு, ஜன்னலுக்கு அடிப்பதும் இந்த வகைதான். மினரல் டர்பென்டைன் ஊற்றி இளக்குவார்கள். இது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகும் பெயிண்ட். அதனால் காய நேரம் எடுக்கும். மேலே தொட்டால் ஒட்டாமல் இருக்க மூன்று நான்கு மணி நேரம், நன்றாக இறுக ஓர் இரவு, முழு பலம் வர சில நாட்கள். மூன்றிலும் விலை குறைவு, பிரஷ்ஷிலும் அடிக்கலாம், தகடு மரம் இரண்டுக்கும் ஆகும், இரண்டு கோட்டிலேயே மூடிவிடும். வெயிலில் சில வருடங்களில் பளபளப்பு மங்கும் என்பதுதான் குறை. சீக்கிரம் காயும் எனாமல் என்றும் ஒரு வகை உண்டு. அதற்கு அதற்கென்று உள்ள தின்னரைத்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது என்.சி. பெயிண்ட். இதைத்தான் நம் ஊரில் டூகோ என்கிறோம். 1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி போட்ட வியாபாரப் பெயர் அது. அதற்கு முன் ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோ வந்தபின் அது நாள் கணக்கில் முடிந்தது. தின்னர் ஆவியாகிப் போனதும் காய்ந்துவிடும், நிமிடங்களில் அடுத்த கோட் அடிக்கலாம். ஆனால் படலம் மெல்லியது. ஐந்தாறு கோட் அடித்து, தண்ணீர் பேப்பர் போட்டு, பாலிஷ் போட்டால்தான் பளபளப்பு வரும். தின்னர் செலவும் கூலியும் கூடும். டின் விலையைப் பார்த்து மலிவு என்று எண்ணினால் ஏமாற்றம்தான். மழைக்காலத்தில் அடித்தால் ஈரக்காற்று பட்டு வெள்ளை பூத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பழைய எனாமல் மேல் நேரடியாக இதை அடிக்கவே கூடாது. இதன் தின்னர் காரமானது. அடியிலுள்ள எனாமலை ஊற வைத்துத் தூக்கிவிடும். என் கேபின் சுருங்கியதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது பி.யு. பெயிண்ட். பெயிண்ட் ஒரு டின், ஹார்டனர் ஒரு டின் என்று இரண்டாக வரும். டின்னில் போட்டிருக்கும் விகிதப்படி, நான்குக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று அளந்து கலக்க வேண்டும். கலந்தபின் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிஞ்சியது கல்லாகிவிடும். வெயில், மழை, டீசல், தேய்ப்பு எல்லாவற்றையும் தாங்கும். பாலிஷ் தேவையில்லை. எனாமலோடு பார்த்தால் விலை இரண்டு மூன்று மடங்கு வரும். ஹார்டனரைக் குறைத்து ஊற்றி மிச்சம் பிடிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் பி.யு. விலை கொடுத்து எனாமலைவிட மோசமான வேலையை வாங்கியதாக ஆகும். ஹார்டனர் டின்னை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

இந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் புகையைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒரு முறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் இழுப்பு வரும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடிதான் முறையானது. நம் பட்டறைகளில் அது அபூர்வம். நமக்கு வேலை செய்கிறவரின் மூச்சும் நம் கணக்கில் வர வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் பி.யு. அடிக்கச் சொல்லாதீர்கள்.

ப்ரைமர் எது?

மேல் பெயிண்டில் குறைத்தாலும் ப்ரைமரில் குறைக்கக் கூடாது. வெறும் இரும்புத் தகடு தெரியும் இடங்களுக்கு ரெட் ஆக்சைடு ப்ரைமர் எனாமலுக்குப் போதும். இரண்டு டின்னாக வரும் எபாக்சி ப்ரைமர் விலை கூடுதல். ஆனால் துருவைத் தடுப்பதில் நல்லது. தரை, சக்கரத்தின் மேல் பாகம், கதவின் அடி ஆகிய இடங்களுக்கு மட்டும் எபாக்சி வாங்கினால் செலவு அதிகமாகாது. அலுமினியத் தகடு, ஜி.ஐ. தகடு இருந்தால் சாதாரண ப்ரைமர் ஒட்டாது. அதற்கென்று உள்ள எட்ச் ப்ரைமர் கேட்டு வாங்க வேண்டும். எனாமலுக்கு எனாமல் ப்ரைமர், பி.யு.வுக்கு அதற்குரிய ப்ரைமர் என்று கூடுமானவரை ஒரே கம்பெனியின் வரிசையில் வாங்குங்கள். ஒன்றுக்கொன்று சேராவிட்டால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இராது.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவுக்கு 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது. வண்டிகளுக்கு அடித்த பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் பறந்து குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கோ, சரக்கு இருக்கும் குடோனுக்கோ போகக் கூடாது.

எவ்வளவு வாங்க வேண்டும்?

பெயிண்டர் சொல்லும் அளவுக்கு வாங்காமல் நாமே அளந்து கணக்குப் போடலாம். என் வண்டிக் கணக்கையே சொல்கிறேன். பெட்டி நீளம் 10 அடி, அகலம் 6 அடி, உயரம் 6 அடி. பக்கம் இரண்டும் 120 சதுர அடி. முன்னும் பின்னும் 72. மேற்கூரை 60. ஆக 252. கேபினுக்கு வெளிப்புறம் 80 என்று வைத்தேன். மொத்தம் 332 சதுர அடி, அதாவது சுமார் 31 சதுர மீட்டர்.

எனாமல் ஒரு லிட்டர் பிரஷ்ஷில் அடித்தால் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். சாதாரண ஸ்பிரே கன்னில் பாதிக்கு மேல்கூட காற்றில் பறந்து வீணாகலாம். கவனமாக அடித்தாலும் 6 அல்லது 7 சதுர மீட்டர் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். ஆக இரண்டு கோட்டுக்குப் பிரஷ்ஷில் ஆறேகால் லிட்டர், ஸ்பிரேயில் ஒன்பதரை லிட்டர். வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று லிட்டருக்கு மேல் காற்றோடு போகிறது.

ஆகவே நான் இரண்டாம் முறை ஒரு வழி செய்தேன். பெட்டியைப் பிரஷ்ஷிலும் ரோலரிலும் அடித்தேன். கேபினை மட்டும் ஸ்பிரே செய்தேன். பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பெட்டிக்குப் பிரஷ் கோடு தெரிவதில்லை. கேபின்தான் கண்ணில் படும். அதற்குத்தான் ஸ்பிரே தேவை.

வாங்கும் டின்கள் ஒரே பேட்ச் நம்பராக இருக்கட்டும். இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்து, பிறகு அடிப்பது நல்லது. கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம் என்று ஆகாது. கால் லிட்டர் எடுத்து மூடி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். நாளைக்குக் கீறல் விழுந்தால் உதவும்.

ஸ்பிரே சாதனங்கள்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஒரு வண்டிக்காகக் கம்ப்ரஷர் வாங்குவது வீண். வாடகைக்கு எடுங்கள், அல்லது கம்ப்ரஷர் வைத்திருக்கும் பெயிண்டரிடம் கூலிக்கு விடுங்கள். மூன்று நான்கு வண்டி வைத்திருக்கிறவர், குடோன் ஷட்டர், ரேக், தள்ளுவண்டி என்று வருடா வருடம் பெயிண்ட் வேலை உள்ளவர் மட்டும் வாங்கலாம்.

வாங்குகிறவர்கள் குதிரைச் சக்தியை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வரும் என்று கேட்க வேண்டும். இதை சி.எப்.எம். என்பார்கள். அதிலும் இரண்டு கணக்கு உண்டு. பிஸ்டன் இழுக்கும் காற்று ஒன்று, குழாயில் உண்மையாக வெளிவரும் காற்று மற்றொன்று. இரண்டாவது, முதலாவதில் முக்கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். மூட்டையோடு சேர்ந்த எடைக்கும் சரக்கின் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. விற்கிறவர் பெரிய எண்ணைச் சொல்வார். நாம் சின்ன எண்ணைக் கேட்க வேண்டும்.

மேலே கப் உள்ள கிராவிட்டி கன்னுக்கும் கீழே கப் உள்ள சக்ஷன் கன்னுக்கும் சுமார் 6 முதல் 10 சி.எப்.எம். வேண்டும். 2 எச்.பி. கம்ப்ரஷர் நிதானமாக அடித்தால் இதற்கு ஓரளவு தாங்கும். 1 எச்.பி. போதாது. இரண்டு நிமிடம் அடித்தால் பிரஷர் இறங்கி, பெயிண்ட் பொட்டுப் பொட்டாக விழும். டாங்கி பெரியதாக இருந்தால் சிறிது நேரம் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். எச்.வி.எல்.பி. என்ற வகை கன் பெயிண்டை அதிகம் வீணாக்காது. ஆனால் அதற்குக் காற்று 10 முதல் 15 சி.எப்.எம். வரை கேட்கும். சின்ன கம்ப்ரஷர் வைத்துக்கொண்டு விலை உயர்ந்த எச்.வி.எல்.பி. கன் வாங்கினால் இரண்டும் பயன்படாது.

கன் வாங்கும்போது நாசில் அளவைப் பாருங்கள். கிராவிட்டி கன்னில் மேல் கோட்டுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். கனமான எனாமலுக்கும் சக்ஷன் கன்னுக்கும் 1.5 முதல் 1.8. ப்ரைமருக்கு 1.8 அல்லது 2. மலிவு விலை கன்னிலும் நல்ல வேலை வரும். ஆனால் ஊசி, நாசில், பேக்கிங் தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காத கன் ஒரே வேலையோடு குப்பைக்குப் போகும். வாங்கிய உடன் பழைய அட்டைப் பெட்டி மேல் அடித்துப் பாருங்கள். நடுவில் சீராக, நீளவாக்கில் விழ வேண்டும். ஒரு முனையில் மட்டும் கனமாக விழுந்தால், முன்னாலுள்ள கேப்பை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். கனம் மறுமுனைக்கு மாறினால் கேப்பில் அடைப்பு. மாறாவிட்டால் நாசிலில் கோளாறு.

இன்று கம்ப்ரஷரே இல்லாமல் கையில் பிடித்து அடிக்கும் மின்சார ஸ்பிரே கன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. சேஸிஸ், பெட்டியின் அடிப்பாகம், இரும்பு கேட் ஆகியவற்றுக்குப் பரவாயில்லை. கேபினுக்கு அந்த வழவழப்பு வராது. ஏர்லெஸ் என்ற இயந்திரம் பெரிய கன்டெய்னர், குடோன் கூரைக்கு ஏற்றது. ஓர் எச்சரிக்கை: அது 2,000, 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெயிண்டைத் தள்ளும். விரலில் பட்டால் ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே பெயிண்ட் போய்விடும். வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்கும்படி ஆகலாம்.

சின்னச் சின்னச் சாமான்கள்தான் வேலையைக் கெடுக்கும். தண்ணீர் பிரிக்கும் பில்டர் இல்லாமல் அடித்தால் குமிழி குமிழியாக வரும். டாங்கியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தினமும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஹோஸ் மெல்லியதாக இருந்தால் வழியிலேயே பிரஷர் போய்விடும்; கால் அங்குலம் வேண்டாம், முக்கால் சூத்திரம் என்று கடையில் மழுப்பினாலும் கேட்காமல் உள்விட்டம் 5/16 அல்லது 3/8 அங்குலம் பார்த்து வாங்குங்கள்.

அடிக்கும் நாளும் நேரமும்

தூசிதான் முதல் எதிரி. ஆடிக் காற்றில் வெளியில் அடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கூடாது. சித்திரை வெயிலில் சுட்ட தகட்டில் அடித்தால் பெயிண்ட் பரவுமுன் காய்ந்து ஆரஞ்சுத் தோல் போல ஆகும். பனி இறங்கிய பின், வெயில் ஏறுமுன், காலை எட்டிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிரீஸும் மெழுகுப் பாலிஷும் போகத் துடைக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷ் சிறிது இருந்தாலும் பெயிண்டில் மீன் கண் போலக் குழி விழும். வடிகட்டிய பெயிண்டை இளக்கி, கன்னை ஆறு முதல் எட்டு அங்குலம் தள்ளிப் பிடித்து, கையை வில் போல வளைக்காமல் நேராக ஓட்டி, ஒரு வரிசையில் பாதி அடுத்த வரிசையில் மூடும்படி அடிக்க வேண்டும். எனாமலில் அடுத்த கோட்டுக்கு எவ்வளவு நேரம் என்று டின்னில் போட்டிருப்பார்கள். அரைகுறையாகக் காய்ந்த நேரத்தில் அடித்தால் எனாமல் மேல் எனாமலே சுருங்கும்.

தின்னர் ஆவி தீப்பிடிக்கும். குடோனுக்குள் அடிக்கவே கூடாது. பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது. கம்ப்ரஷரும் சுவிட்சும் தள்ளி இருக்க வேண்டும்.

சரக்கு ஏற்றும் பெட்டிக்குள்

இது நம்மைப் போன்ற உணவுப் பொருள் வியாபாரிகளுக்கென்று தனியாகச் சொல்வது. டீத்தூள், மைதா, சர்க்கரை, அரிசி எல்லாம் வாசனையை இழுத்துக்கொள்ளும். உட்புறம் துரு இல்லாவிட்டால் பெயிண்ட் அடிக்காமலே விட்டுவிடுங்கள். அடிக்க வேண்டியிருந்தால் வண்டி ஓய்வாக இருக்கும் நாட்களில் அடித்து, கதவைத் திறந்து வைத்து ஒரு வாரம் ஆற விடுங்கள். மண்ணெண்ணெய் கலக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். காயவும் தாமதம், பளபளப்பும் வராது, வாசமும் போகாது.

ஏற்றலாமா என்று தெரிந்துகொள்ள நான் இப்போது செய்வது இது. இரவு ஒரு தட்டில் டீத்தூளைப் பரப்பிப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். காலையில் அதில் டீ போட்டுக் குடித்துப் பார்ப்பேன். வாசம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுப்பேன். தட்டுக் கணக்கில் போகும் டீத்தூள், பெட்டிக் கணக்கில் போவதைவிடக் குறைவுதான்.

ஆர்.டி.ஓ. விஷயங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். அதே நிறம் அடிப்பது சுலபம். வேறு நிறம் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவில் மாற்றிக்கொள்ள வேண்டும். கடன் உள்ள வண்டிக்கு பைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வாங்குங்கள். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர்கள் அடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சேஸிஸ் நம்பர் மேல் பட்டியோ கனமான பெயிண்டோ படாமல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஒளிரும் டேப் மேல் பெயிண்ட் படக் கூடாது. எடுத்துவிட்டால் வேலை முடிந்ததும் முன்புறம் வெள்ளை, பக்கம் மஞ்சள், பின்புறம் சிவப்பு என்று புதிதாக ஒட்டுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். பெயிண்டுக்கு ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. சரக்கு வண்டிக்குச் செய்யும் பராமரிப்புச் செலவில் கட்டும் வரியை, சாதாரண முறையில் பதிவு செய்துள்ள வியாபாரிகள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது. வரிவிலக்குள்ள சரக்கும் விற்கிறவர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பத்து ரூபாய் குறைத்து வாங்குவதைவிட, பில்லோடு வாங்குவது பல சமயம் மலிவாக முடியும்.

முடிவாக

என் யோசனை இதுதான். இரண்டு மூன்று வருடம் ஓட்டுகிற வண்டி என்றால் ரெட் ஆக்சைடு, எனாமல், பிரஷ். நீண்ட நாள் ஓட்டுகிற வண்டி என்றால் துரு வேலையைச் சரியாகச் செய்து, கீழ்ப்பாகங்களுக்கு எபாக்சி ப்ரைமர் அடித்து, பெட்டிக்கு எனாமல், கேபினுக்கு மட்டும் பி.யு. அல்லது நல்ல எனாமல் ஸ்பிரே. டூகோ நமக்கு வேண்டாம். கம்ப்ரஷர் வாடகைக்குப் போதும். தேய்ப்பதிலும் ப்ரைமரிலும் தின்னரிலும் குறைக்காதீர்கள். நிறத்திலும் பளபளப்பிலும் குறைத்துக்கொள்ளலாம்.

2023-இல் இப்படி அடித்த என் வண்டி அதன் பிறகு எப்.சி.க்குப் போனபோதெல்லாம் பெயிண்ட் பற்றி ஒரு சொல் வரவில்லை. ஆத்தூர் வாடிக்கைக்காரர் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போதும் என் வண்டி போய் நின்றதும் முதலில் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் சரக்கை இறக்கச் சொல்கிறார். அவர் செய்வது சரிதான். நானும் இப்போது அனுப்புமுன் அப்படித்தான் பார்க்கிறேன்.